வருமான வரம்பும் கோ-பேயும்: அமெரிக்காவில் அரசின் குழந்தைப் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் குழந்தையை டே-கேரில் சேர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு என்பது தெரியும். ஆனால் அது தமக்குக் கிடைக்குமா, கிடைத்தால் கோ-பே எனப்படும் குடும்பப் பங்கு உட்படத் தம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமலேயே பெரும்பாலானோர் விண்ணப்பிக்கிறார்கள், அல்லது விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கிட்டுவிட முடியும். அந்தக் கணக்கின் வரிசையை இங்கே தருகிறேன்.

முதலில் திட்டத்தின் அமைப்பு. 1990-இல் இயற்றப்பட்டு 2014-இல் பெருமளவு திருத்தப்பட்ட ஒரு கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வாஷிங்டன் பணம் தருகிறது. சி.சி.டி.எஃப். என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்த நிதியை ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்தத் திட்டத்தின் வழியாகச் செலவிடுகிறது. பெயரும் விண்ணப்பப் படிவமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளி எல்லைகளைக் கூட்டரசு வகுக்க, அவற்றுக்குள் எங்கே கோடு போடுவது என்பதை மாநிலம் முடிவு செய்கிறது. ஆகவே, நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினருக்கு இந்த உதவி கிடைத்தது என்பதால் டெக்சாஸில் இருக்கும் உங்களுக்கும் கிடைக்கும் என்றோ, அவருக்கு மறுக்கப்பட்டதால் உங்களுக்கும் மறுக்கப்படும் என்றோ எண்ண வேண்டாம்.

படி 1: வருமானத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

குழந்தை 13 வயதுக்குக் குறைந்திருக்க வேண்டும். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ள பிள்ளைக்கும், நீதிமன்றக் கண்காணிப்பில் உள்ள பிள்ளைக்கும் அதற்கு மேலும் உதவியை நீட்டிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. பெற்றோர் வேலையிலோ, தொழிற்பயிற்சியிலோ, படிப்பிலோ இருக்க வேண்டும். வீட்டில் இரு பெற்றோர் இருந்தால் இந்த நிபந்தனை இருவருக்கும் பொருந்தும். நம்மவர் பலர் நின்றுவிடும் இடம் இதுதான்: கணவர் எச்-1பி விசாவில் வேலை செய்ய, மனைவி எச்-1பி ஊழியரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படும் எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாக விண்ணப்பம் தேறாது. அவர் கல்லூரியில் சேர்ந்து படிக்கிறார் என்றால் பல மாநிலங்களில் நிலைமை மாறிவிடும்.

குடியுரிமை பற்றிய கேள்வியில் பலர் தேவையின்றி அஞ்சுகிறார்கள். உதவி பெறுபவர் குழந்தை என்பதால், குழந்தையின் குடியேற்ற நிலையே பார்க்கப்படும். பெற்றோர் தற்காலிக விசாவில் இருந்தாலும், குழந்தை அமெரிக்காவில் பிறந்திருந்தால் இந்த நிபந்தனை நிறைவேறிவிடும். பச்சை அட்டை வைத்திருக்கும் குழந்தையும் தகுதி உடையது. வேறு சில உதவித் திட்டங்களில் உள்ள ஐந்தாண்டுக் காத்திருப்பு இதில் இல்லை. எச்-4 விசாவில் வந்த குழந்தைக்குக் கூட்டரசு நிதியிலிருந்து கிடைக்காது. பெற்றோரின் சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தகுதிக்கான நிபந்தனையாக மாநிலம் வைக்க முடியாது. படிவத்தில் அதற்கான கட்டம் இருக்கலாம் என்றாலும் அதை நிரப்புவது கட்டாயமில்லை. இந்த உதவியைப் பெறுவது பின்னாளில் பச்சை அட்டை விண்ணப்பத்தைப் பாதிக்குமா என்பது அடுத்த அச்சம். 2022-இல் வந்த விதியில் குழந்தைப் பராமரிப்பு உதவி குடியேற்ற அதிகாரிகள் பார்க்கும் 'அரசுக்குப் பாரமாவோர்' (பப்ளிக் சார்ஜ்) கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறி வந்திருப்பதால், பச்சை அட்டை விண்ணப்பம் நடப்பில் இருப்பவர்கள் தங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சொத்து வரம்பு 10 லட்சம் டாலர். அதற்கு மேல் சொத்து இல்லை என்று கையொப்பமிட்டால் போதும்.

படி 2: குடும்பத்தில் எத்தனை பேர்

வருமான வரம்பு குடும்ப அளவைப் பொறுத்து ஏறும் என்பதால், தலைகளை எண்ணுவதில் வரும் தவறு மீதிக் கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும். பெற்றோரும் அவர்களுடைய சிறுவயதுப் பிள்ளைகளும் எண்ணிக்கையில் வருவர். திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் இணையர், இருவருக்கும் பிறந்த குழந்தை இருந்தால், பெரும்பாலும் ஒரே குடும்பமாகவே எண்ணப்படுவர். உடன் தங்கியிருக்கும் தாத்தா பாட்டியைப் பல மாநிலங்கள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அவ்வாறு சேர்க்காத இடத்தில் அவர்களுடைய வருமானமும் பொதுவாகச் சேராது. உங்கள் மாநிலத்தின் வரையறையைப் படிவத்துடன் வரும் விளக்கத்தில் பார்த்து, ஒரே ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: மாத வருமானத்தைச் சரியாகக் கணக்கிடுவது

இந்தப் படியில் சற்று நேரம் செலவிடுவது தகும், ஏனெனில் தவறுகள் மிகுதியாக நேர்வது இங்கேதான்.

பெரும்பாலான மாநிலங்கள் பார்ப்பது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்த வருமானத்தை. வரியும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியச் சேமிப்பும் போய் வங்கிக் கணக்கில் விழும் தொகையை எழுதினால், நீங்கள் உண்மையில் இருப்பதைவிட ஏழையாகத் தோன்றுவீர்கள்; சம்பளச் சீட்டு வந்ததும் அலுவலர் அதைத் திருத்திவிடுவார்.

அடுத்தது, சம்பளம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் பெறுபவருக்கு ஆண்டில் 24 அல்ல, 26 சம்பளங்கள். வாரச் சம்பளக்காரருக்கு 48 அல்ல, 52. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர். தாய்க்கு இரு வாரத்துக்கு 1,800 டாலர். தந்தைக்கு வாரத்துக்கு 350 டாலர். முதலாவதை இரண்டாலும் அடுத்ததை நான்காலும் பெருக்கினால் மாதம் 5,000 டாலர், ஆண்டுக்கு 60,000 என்று வரும். சரியான கணக்கில் தாயின் ஆண்டு வருமானம் 46,800, தந்தையுடையது 18,200, இரண்டும் சேர்ந்து 65,000; அதாவது மாதம் சுமார் 5,417 டாலர். ஆண்டுக்கு ஐயாயிரம் டாலர் வேறுபாடு. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அடுத்த படியில் தெரியும்.

டாக்சி ஓட்டுபவர், வீட்டிலிருந்தே சிறு தொழில் செய்பவர் ஆகியோருக்கு, வரவிலிருந்து தொழிற்செலவைக் கழித்த பின் நிற்கும் தொகையே வருமானம். எந்தச் செலவுகளைக் கழிக்கலாம் என்பதை மாநிலம் வரையறுக்கும். வரிக் கணக்கில் கழித்த அனைத்தும் இங்கே ஏற்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடுதல் நேர வேலையால் ஒரு மாதம் மட்டும் வருமானம் எகிறியிருந்தால் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். ஏறி இறங்கும் வருமானத்தைக் கருத்தில் கொண்டே தகுதியைத் தீர்மானிக்க வேண்டும் என்று கூட்டரசு விதி மாநிலங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பெரிய சம்பளச் சீட்டு ஒன்றை வைத்து மறுக்கப்பட்டால், நீண்ட காலத்துச் சராசரியைப் பார்க்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உணவு உதவி, திருப்பித் தரப்படும் வரிப்பணம் போன்றவற்றைப் பல மாநிலங்கள் வருமானமாகக் கொள்வதில்லை.

படி 4: ஒரு கோடு அல்ல, மூன்று

'வருமான வரம்பு எவ்வளவு?' என்று ஒருமையில் கேட்பதே குழப்பத்தின் தொடக்கம். நுழைவதற்கு ஒரு கோடு, புதுப்பிக்கும்போது ஒரு கோடு, எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாத கோடு ஒன்று என மூன்று உள்ளன. சில மாநிலங்களில் மூன்றும் ஒன்றாகவே இருக்கும்.

தாண்டக்கூடாத கோட்டைக் கூட்டரசு போட்டிருக்கிறது: அதே அளவுள்ள குடும்பங்களுக்கான மாநில இடைநிலை வருமானத்தில் 85 சதவீதம். இடைநிலை வருமானம் என்பது மாநிலத்தின் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். நுழைவுக் கோட்டை மாநிலம் இதற்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் போடலாம். அதைச் சில மாநிலங்கள் இடைநிலை வருமானத்தின் சதவீதமாகவும், சில மாநிலங்கள் கூட்டரசு வறுமைக்கோட்டின் சதவீதமாகவும் சொல்லும். இவ்விரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால், '85 சதவீதம்' என்பதையும் '200 சதவீதம்' என்பதையும் ஒப்பிட்டு எது தாராளம் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். இரண்டையும் டாலராக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

நான்கு பேர் குடும்பத்துக்கு 2025-இன் வறுமைக்கோடு, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, 32,150 டாலர். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் இது திருத்தப்படும். நுழைவுக்கு 200 சதவீதம் என்று வைத்திருக்கும் மாநிலத்தில் அது 64,300 டாலர் ஆகிறது. நம் கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். தவறான கணக்கின்படி அவர்கள் 60,000 டாலருடன் உள்ளே. சரியான கணக்கின்படி 65,000 டாலருடன், 700 டாலர் வித்தியாசத்தில், வெளியே. அதே குடும்பம் நுழைவுக்கே 85 சதவீதம் வரை அனுமதிக்கும் மாநிலத்தில் இருந்து, அங்கே இடைநிலை வருமானம் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 85,000 வரை இடமுண்டு. சிரமமே இல்லாமல் தகுதி பெறும்.

உண்மை மாநிலங்களிலும் இந்த வேறுபாடு கண்கூடு. மாசசூசெட்ஸில் பொதுவாக நுழைவுக் கோடு இடைநிலை வருமானத்தில் 50 சதவீதம். ஆனால் உள்ளே வந்துவிட்ட குடும்பம் 85 சதவீதம் வரை தொடரலாம். கலிஃபோர்னியாவும் நியூ யார்க்கும் நுழைவுக்கே 85 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. நியூ மெக்சிகோ, கூட்டரசுக் கோட்டுக்கு மேற்பட்டவர்களுக்குத் தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, 2025 நவம்பர் 1 முதல் வருமான வரம்பையே எடுத்துவிட்டது.

நுழைவுக் கோடு தாழ்ந்தும் தொடர்வதற்கான கோடு உயர்ந்தும் இருக்கும் மாநிலங்களில் காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சம்பள உயர்வு வரும் வரை காத்திருந்து அதன் பின் விண்ணப்பிப்பவர் வெளியிலேயே நின்றுவிடுகிறார். அதற்கு முன் தகுதி பெற்றவர் உயர்வுக்குப் பிறகும் தொடர்கிறார். இது சூழ்ச்சி அன்று. சம்பளம் சற்றே உயர்ந்ததும் உதவி ஒரேயடியாக அறுந்துவிடக்கூடாது என்று சட்டமே படிப்படியான விலக்கத்தை விதித்திருக்கிறது.

படி 5: உங்கள் பங்கைக் கணக்கிடுவது

தகுதி கிடைத்துவிட்டால் டே-கேரின் கட்டணம் மூன்றாகப் பிரிகிறது: நீங்கள் தரும் கோ-பே, அரசு தருவது, இரண்டும் சேர்ந்தும் எட்டாத மீதி. முதல் இரண்டையும் மட்டும் பார்த்து மூன்றாவதை மறப்பதே பின்னால் வலிக்கும் தவறு.

கோ-பே உங்கள் வருமானத்தையும் குடும்ப அளவையும் அடிப்படையாகக் கொண்ட படிநிலை அட்டவணையின்படி அமையும். டே-கேர் எவ்வளவு விலை என்பதையோ அரசு எவ்வளவு தருகிறது என்பதையோ வைத்து அதைக் கணக்கிடக்கூடாது என்பது கூட்டரசு விதி. எனவே விலை குறைந்த இடத்துக்கு மாறினால் கோ-பே குறையும் என்ற எதிர்பார்ப்பு தவறானது. 2016-இன் விதிகளில் குடும்ப வருமானத்தில் 7 சதவீதம் என்பது தாங்கக்கூடிய அளவுக்கு ஓர் அளவுகோலாக மட்டும் இருந்தது. 2024-இன் விதி அதையே உச்சவரம்பாக ஆக்கியது. அதன்படி எத்தனை குழந்தைகள் சேர்ந்தாலும் எல்லோருக்கும் சேர்த்து 7 சதவீதம்தான். வருமானம் வறுமைக்கோட்டின் 150 சதவீதத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கும், மாற்றுத்திறன் கொண்ட குழந்தை உள்ள குடும்பங்களுக்கும் கோ-பேயையே தள்ளுபடி செய்யவும் அது மாநிலங்களுக்கு இடமளித்தது. இத்தகைய விதிகள் மறுபரிசீலனைக்கு உள்ளாகக்கூடியவை. உடனடியாக நடைமுறைப்படுத்த இயலாத மாநிலங்கள் தற்காலிக விலக்கும் கேட்க முடிந்தது. ஆகவே 7 சதவீதத்தை வாக்குறுதியாகக் கொள்ளாமல், உங்கள் மாநிலம் இப்போது பயன்படுத்தும் அட்டவணையையே தேடிப் பாருங்கள்.

அட்டவணைகளுக்கு இடையிலான தூரம் வியப்பளிக்கும். நம் 65,000 டாலர் குடும்பம் 7 சதவீத உச்சத்தில் இருந்தால் ஆண்டுக்கு 4,550 டாலர், மாதம் சுமார் 379. நியூ யார்க்கில் 2023 முதல் குடும்பப் பங்கு வறுமைக்கோட்டுக்கு மேற்பட்ட வருமானத்தில் 1 சதவீதம் என்று ஆக்கப்பட்டதால், அதே குடும்பத்தின் பங்கு ஆண்டுக்கே சுமார் 329 டாலர்தான். கலிஃபோர்னியாவில் இடைநிலை வருமானத்தின் 75 சதவீதத்துக்குக் கீழிருந்தால் கட்டணமே இல்லை. அதற்கு மேல் மாத வருமானத்தில் 1 சதவீதம்.

இனி மூன்றாவது பகுதி. ஒவ்வொரு வகைப் பராமரிப்புக்கும், குழந்தையின் வயதுக்கும், வட்டாரத்துக்கும் ஏற்ப அரசு தரும் உச்சத் தொகை ஒன்று உண்டு. மாநிலம் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சந்தை விலையை ஆய்ந்தோ, பராமரிப்பின் உண்மைச் செலவைக் கணித்தோ அதை வகுக்கிறது. உங்கள் டே-கேரின் கட்டணம் அதற்கு மேலிருந்தால், அந்த வித்தியாசத்தை உங்களிடம் வாங்கிக்கொள்ளச் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன. கட்டணம் 1,400 டாலர், அரசின் உச்சத் தொகை 1,200, கோ-பே 379 என்று வைத்துக்கொள்வோம். அரசு தருவது 821. மீதி 200 டாலர் கோ-பேக்கு மேல் உங்கள் தலையில் விழுந்தால், மாதம் 579 ஆகிறது. அடுத்த குழந்தையின் கட்டணம் 1,100, உச்சத் தொகை 1,000 என்றால், கோ-பே அதே 379-இல் நிற்கும், மீதி மட்டும் 300 ஆகும், மொத்தம் 679. கோ-பேக்கு அட்டவணை உண்டு, இந்த மீதிக்குக் கிடையாது. எனவே டே-கேரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, 'அரசு உதவியை ஏற்கிறீர்களா?' என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், 'அரசின் தொகைக்கும் உங்கள் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும், பதிவுக் கட்டணம் போன்றவற்றையும் பெற்றோரிடம் வாங்குவீர்களா?' என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

உறவினரையே பராமரிப்பாளராக வைத்து அரசின் பணத்தைப் பெறவும் பல மாநிலங்களில் வழியுண்டு. ஆனால் பேரக்குழந்தையைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வந்த பாட்டியை அவ்வாறு பதிவு செய்ய நினைக்காதீர்கள். அந்த விசாவில் ஊதியம் பெறுவது அனுமதிக்கப்பட்டதன்று. பாட்டியின் அடுத்த பயணமே கேள்விக்குறியாகும்.

படி 6: விண்ணப்பம்

கூட்டரசின் சைல்ட்கேர்.கவ் தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் உரிய அலுவலகத்துக்கான வழி கிடைக்கும். பல இடங்களில் 211 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம். சம்பளச் சீட்டுகள், வேலை நேரத்துக்கான சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை ஏறக்குறைய எங்கும் கேட்கப்படும். கேட்ட மொழியில் விளக்கம் பெற மொழிபெயர்ப்பாளர் உதவியைக் கோரலாம். ஆங்கிலத்தில் திணறிக்கொண்டு தவறான பதிலுக்குத் தலையாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தகுதி இருந்தால் பணம் நிச்சயம் என்று கொள்ளக்கூடாது. ஒதுக்கப்பட்ட நிதி தீர்ந்தால் மாநிலம் காத்திருப்புப் பட்டியல் வைக்கலாம். தகுதியுள்ள குழந்தைகளில் சிறு பங்கினருக்கே உண்மையில் உதவி சேர்கிறது. பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கான கூட்டரசுத் திட்டமாகிய ஹெட் ஸ்டார்ட்டையும் பாருங்கள். அதில் கட்டணமே இல்லை. வறுமைக்கோட்டுக்குட்பட்ட குடும்பங்களோடு, உணவு உதவி பெறும் குடும்பங்களும் அதற்குத் தகுதி உடையவை. உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், கடிதத்தில் எந்த எண்ணை வைத்து மறுத்தார்கள் என்று பாருங்கள். படி 3-இல் நீங்கள் போட்ட கணக்கு கையில் இருந்தால், தவறு அவர்களுடையதா உங்களுடையதா என்பது சில நிமிடங்களில் விளங்கும். மேல்முறையீட்டுக்கான கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அதைத் தவறவிட வேண்டாம்.

படி 7: கிடைத்த பிறகு

ஒருமுறை தகுதி பெற்றால் குறைந்தது 12 மாதங்களுக்கு அது நிற்கும். இடையில் சம்பளம் உயர்ந்தாலும், 85 சதவீதக் கோட்டைத் தாண்டாதவரை உதவி நிற்காது. படிப்படியான விலக்கக் கட்டத்தில் இல்லாதவரை அந்த 12 மாதத்துக்குள் கோ-பேயையும் உயர்த்தக்கூடாது. வருமானம் குறைந்தால் உடனே தெரிவியுங்கள்: கோ-பே குறைய வாய்ப்புண்டு. மகப்பேறு விடுப்பு, நோய், கல்லூரி விடுமுறை போன்ற தற்காலிக இடைவெளிகள் தகுதியை அறுப்பதில்லை. வேலையே போய்விட்டாலும், உதவியை நிறுத்த விரும்பும் மாநிலம் புது வேலை தேடக் குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்து தர வேண்டும். வேலை போனதும் அச்சத்தில் குழந்தையைத் தாங்களே டே-கேரிலிருந்து நிறுத்திவிடுபவர்கள் இந்த மூன்று மாதத்தை இழக்கிறார்கள்.

வரம்பைத் தாண்டும் வருமானத்தையும், வேலை நிரந்தரமாகப் போய்விட்டதையும் மறைக்கக்கூடாது. தவறாகப் பெற்ற தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் விளைவு அதைவிடக் கடுமையானது. எந்த மாற்றங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்பதை அனுமதிக் கடிதத்திலிருந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கோ-பேயும் மீதியும் உங்கள் கையிலிருந்து போன பணம் என்பதால், வரிக் கணக்கில் அவற்றைப் படிவம் 2441-இல் குழந்தைப் பராமரிப்புச் செலவாகக் காட்டலாம். அரசு செலுத்திய பகுதியைக் காட்டக்கூடாது. வேலையிடத்தில் வரிக்கு முந்தைய பராமரிப்புச் சேமிப்புக் கணக்கு இருந்தால், அதன் ஆண்டு உச்சம் 2026 முதல் 5,000-இலிருந்து 7,500 டாலராக உயர்ந்திருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து செலுத்திய டாலரையே படிவத்தில் மறுபடியும் காட்ட முடியாது. அதற்காகவும், அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்காகவும், டே-கேரிடமிருந்து மாதந்தோறும் ரசீது வாங்கும்போது அதில் கோ-பேயும் மீதியும் தனித்தனி வரியாக இருக்கும்படி கேளுங்கள்.